இல்லை என்று சொல்ல ஒருத்தி

அஸ்னாத் பராஸானியின் சாப்பாட்டுக்கடை மூடப்பட்டபோது, உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் வீட்டுக்கு வந்து அவளைத் தேற்றினார்கள். சந்தைக்கு வருகிறவர்களுக்கு ருசி தெரியாது என்றாள் சித்தி. எதிர்க்கடைக்காரன் கண் வைத்துவிட்டான் என்றார் மாமா. "உன் கைமணத்துக்கு எருசலேம்லயே இணை கிடையாது" என்று கணவன் ஸகரியா காலையும் மாலையும் சொன்னான். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். எதற்கும் மறுத்துப் பேசி அறியாதவன்.

எல்லோரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் ஊர் முழுக்கத் தப்பு, அஸ்னாத் ஒருத்திதான் சரி. அப்படியானால் கடை ஏன் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை? அதைத்தான் யாரும் சொல்லவில்லை.

அவள் விற்றது குப்பே. ரவை மாவுக்குள் இறைச்சியைப் பொதிந்து உருட்டி, கொதிக்கும் பீட்ரூட் சாற்றிலோ, கீரையும் எலுமிச்சையும் போட்ட புளிப்புச் சாற்றிலோ வேகவைக்கிற உருண்டை. குர்திஸ்தான் மலைகளிலிருந்து வந்த குடும்பங்களில் வெள்ளிக்கிழமை மதியம் அது இல்லாமல் அடுப்பு அணையாது. காப்பீட்டு அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலையை உதறிவிட்டு, மஹானே யெஹூதா சந்தைப் பக்கம் இடம் பிடித்து, அடுக்கடுக்காகக் கிண்ணங்கள் வாங்கிக் கடை போட்டாள். இப்போது அந்தக் கிண்ணங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் காணப் பொறுக்காமல், நாத்தனார் பெஹியா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்துத் தெருவிலிருந்த யூதத் தொழுகைக்கூடத்தில் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. கொடுக்கல் வாங்கலிலும் பேச்சிலும் எது நியாயம் எது அநியாயம் என்ற பழைய சட்டங்களைப் படிக்கிற வகுப்பு.

"வந்து சும்மா உக்காருங்க அண்ணி. காப்பி குடுப்பாங்க, கேக் குடுப்பாங்க" என்றாள் பெஹியா.

காப்பி கொடுத்தார்கள். கூடவே ஒரு ஜோடியையும் கொடுத்தார்கள். அங்கே யாரும் தனியாகப் படிப்பதில்லை. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி ஒன்று சொல்ல மற்றவள் அதை உடைக்க, உடைந்ததை எடுத்து மறுபடி கட்டுவதுதான் படிப்பு. ஆசிரியை ஷிஃப்ரா, அஸ்னாத்தைக் கொண்டுபோய் ஹென்யாவுக்கு எதிரே உட்காரவைத்தாள்.

ஹென்யாவுக்கும் அஸ்னாத் வயதுதான். கெயுலா பகுதியில் டோப்பா கடை வைத்திருந்தாள். கல்யாணமான பக்தியுள்ள பெண்கள் தங்கள் முடியை மறைத்துப் போட்டுக்கொள்கிற டோப்பா. அவள் தலையில் இருந்ததும் அவளே தைத்ததுதான், ஒரு முடி பிசகாது. அண்ணன்கள் ஐந்து பேரும் அப்பாவும் சாப்பாட்டு மேஜையைக் குத்திக்கொண்டு வேதச் சட்டம் பேசிய வீட்டில், சூப் பரிமாறிக்கொண்டே வளர்ந்தவள். கத்திப் பேசினால்தான் பேச்சு என்று நினைத்திருந்தாள்.

அன்றைய பாடம் சின்னது. வாங்கும் எண்ணம் இல்லாதவர் கடைக்காரரிடம் விலை கேட்கக் கூடாது. அவருக்கு வீண் ஆசை காட்டி மனத்தை நோகடிப்பது, விலையில் ஏமாற்றுவதைவிடப் பெரிய தப்பு.

"இது சரிதானே" என்றாள் அஸ்னாத். "என் கடைக்கும் அப்படி எத்தனையோ பேர் வந்தாங்க. கேட்டுட்டுப் போயிடுவாங்க."

"இல்ல" என்றாள் ஹென்யா. "நீங்க ரெண்டு கடையில விலை கேட்டு ஒரு கடையில வாங்குறீங்க. மத்தக் கடைக்காரன நோகடிச்சீங்களா?"

"அது... அங்கயும் வாங்கற எண்ணம் இருந்துச்சே."

"எண்ணத்த யார் பாத்தா? கடைக்காரன் பாத்தானா?"

"அவனுக்குத் தெரியாதுதான், ஆனா..."

"தெரியாதுன்னா அவன் மனசு ரெண்டு பேராலயும் ஒரே மாதிரிதானே நோகும்? அப்போ சட்டம் யாருக்காக? அவனுக்காகவா, கேக்கறவளுக்காகவா?"

அஸ்னாத்தும் குரலை உயர்த்தினாள். அடுத்து அவள் எதைச் சொன்னாலும் ஹென்யா "இல்ல" என்றே ஆரம்பித்தாள். வகுப்பு முடிந்ததும் அஸ்னாத் கழிவறைக்குள் போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு, நேரே ஆசிரியையிடம் வந்தாள்.

"டீச்சர், என்ன வேற யாரோடயாவது உக்கார வைங்க. அந்த டோப்பாக்காரி என்ன வாயத் திறக்க விடமாட்டேங்கறா."

"திறக்க விடாமலா இவ்வளவு நேரம் உன் சத்தம் கூடத்து வாசல் வரைக்கும் கேட்டுச்சு?" என்று சிரித்தாள் ஷிஃப்ரா. "ஒத்துப்போறவளோட உக்காந்தா நீ சொன்னதையே ரெண்டு தடவ கேப்ப. அதுக்கு வீட்டுக் கண்ணாடி போதும். ஒரு விதி மட்டும் வச்சுக்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி அவ சொன்னத அவளே 'ஆமா, இதத்தான் சொன்னேன்'னு ஒத்துக்கற மாதிரி திருப்பிச் சொல்லு. அதுக்கப்புறம் அடி."

அஸ்னாத் அடுத்த வாரம் போனதே அடிப்பதற்காகத்தான். ஹென்யா சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். "இல்ல, நான் அப்படிச் சொல்லல" என்றாள் ஹென்யா. மறுபடி சொன்னாள். நாலாவது முறைதான் ஹென்யா தலையை ஆட்டினாள். ஆனால் அதற்குள் தான் கொண்டுவந்த பதிலில் ஓட்டை இருப்பது அஸ்னாத்துக்கே தெரிந்துவிட்டது. வேறு பதில் தேடினாள். அந்தப் பதிலுக்கு ஹென்யா பாடப் புத்தகத்தைப் புரட்டித் தேட வேண்டியிருந்தது. கடை மூடிய பிறகு அஸ்னாத் நிமிர்ந்து நடந்து வீடு திரும்பியது அன்றைக்குத்தான். பனி உருகி பாதாம் மரங்கள் பூப்பதற்குள் இருவரும் "நீங்க"வை விட்டு "டி"க்கு வந்துவிட்டார்கள்.

வசந்தகாலத்துப் பஸ்கா பண்டிகை கழிந்த பிறகு ஒரு நாள் அஸ்னாத் வகுப்புக்குக் குப்பே செய்து கொண்டுபோனாள். பெண்கள் ஆளுக்கொரு கிண்ணம் வாங்கிக்கொண்டு, ஆகா என்றார்கள், அமிர்தம் என்றார்கள். இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு கடையை மூடினாயே என்றார்கள். ஹென்யா மட்டும் மென்றுகொண்டே இருந்தாள்.

"என்னடி, நாக்கு இருக்கா இல்லையா?" என்றாள் அஸ்னாத்.

"இறைச்சி அருமை. மாவு தடிமன். இறைச்சிகிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள பல்லு களைச்சுப் போகுது. சாறு ஒரு வாய்க்கு நல்லா இருக்கு, ரெண்டாவது உருண்டையில புளிப்பு நாக்கக் கொன்னுடுது. மூணாவது என்னால முடியல."

"இதெல்லாம் ஒரு பேச்சா?" என்று பெஹியா சண்டைக்கு எழுந்தாள். "எங்க அம்மா செஞ்சது இப்படித்தான், அவங்க அம்மா செஞ்சதும் இப்படித்தான்!"

"அவங்கள யாரு குறை சொன்னா? அவங்க காட்டுல விறகு வெட்டிட்டு வந்தவங்களுக்குச் செஞ்சாங்க. இங்க இருக்கறவ காலையிலேர்ந்து நாற்காலியில உக்காந்திருக்கா."

அஸ்னாத் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் மனத்துக்குள் ஹென்யாவைத் திட்டினாள். சூப்பில் சர்க்கரை போடுகிற ஐரோப்பிய யூதக் கூட்டத்தில் பிறந்தவளுக்குப் புளிப்பைப் பற்றி என்ன தெரியும்? வீட்டுக்கு வந்து மிச்சமிருந்ததை அடுப்பில் வைத்தபோதுதான், பழகிப்போன வழக்கத்தில், வாய் தானாகவே எதிராளி பேச்சைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தது.

"மாவு தடிமன்" என்றாள் அடுப்பைப் பார்த்து. "ரெண்டாவதுல புளிப்பு நாக்கக் கொன்னுடுது. மூணாவது முடியல."

சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணத்தில் ஊற்றி, நின்றபடியே, யாரோ விற்றதைக் காசு கொடுத்து வாங்கியவள் போலச் சாப்பிட்டாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதைப் பாதி கடித்துக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

கடையில் மேஜைமேஜையாக அவள் எடுத்த கிண்ணங்கள் கண்ணுக்கு முன் வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்றாவது உருண்டை கடிபட்டுக் கிடந்தது. வயிறு நிறையக் கொடுக்கிறோம், அதனால்தான் மிஞ்சுகிறது என்று அவள் பெருமைப்பட்டிருந்தாள். மிச்சம் அத்தனையும் அவளிடம் ஒன்றைச் சொல்லியிருந்தது, அவளுக்குத்தான் கேட்கவில்லை. அஸ்னாத் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், ரவையை எடுத்து நனைத்தாள்.

கோடை முழுவதும் மாவோடு மல்லுக்கட்டினாள். மெல்லிசாக்கினால் கொதியில் வெடித்தது. வெடிக்காமல் செய்தால் ரப்பராக இருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் ஒரு டப்பாவில் கொண்டுபோய் ஹென்யாவிடம் நீட்டினாள். "இல்ல." அடுத்த வாரம். "இல்ல, ஆனா போன வாரத்தவிடப் பரவாயில்ல." கடைசியில் ஒரு நாள் ஹென்யா டப்பாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "வேற இருக்கா?" என்றாள். அஸ்னாத் ஜெயித்துவிட்டாள்.

உரிமமும், சமையல் மதவிதிப்படி நடக்கிறது என்ற கோஷர் சான்றும் வாங்கி, வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்து வியாழனும் வெள்ளி காலையும் விற்றாள். சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு வாங்கிப்போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். பாத்திரத்தைக் கையில் கொடுக்கும்போது அவள் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்பதில்லை. "போன வாரம் என்ன குறை?" என்றுதான் கேட்டாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள். இதற்குப் பேர்போன ஊர். கருத்துக் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. "உப்பு தூக்கல்." "கீரையில நார்." "ஒண்ணும் குறையில்ல, நீ இன்னும் சீக்கிரம் ஜன்னலத் திறக்கணும்." வரிசை சந்து முனையைத் தாண்டிப் போயிற்று.

வெயில் தணிகிற சமயத்தில் அந்த வரிசையில் சட்டைக் கைகளை மடித்துவிட்ட ஒருவர் வந்து நின்றார். கிடியோன் அல்மோஸ்னினோ என்று பெயர் சொன்னார். கல்யாண மண்டபங்களுக்குச் சமைத்த சாப்பாடு அனுப்புகிற பெரிய நிறுவனத்துக்காகச் சரக்கு தேடுகிறவர். உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டு, நேராகவே பேசினார்.

"அஸ்னாத் அம்மா, எங்க தொழிற்சாலைச் சமையலறைய உங்ககிட்ட விடறோம். ஆள் தர்றோம், மிஷின் தர்றோம். மாசச் சம்பளம் இப்ப ஜன்னல்ல வர்றதப்போல பல மடங்கு. பாக்கெட்ல எங்க பேர் இருக்கும், நீங்க வேற எங்கயும் விக்கக் கூடாது. அவ்வளவுதான்."

குடும்பம் குதித்தது. பெஹியா அண்ணியைக் கட்டிப்பிடித்து, "அன்னிக்கு நான் இழுத்துட்டுப் போனதால்தான்!" என்றாள். ஸகரியா, "நீ என்ன முடிவு எடுத்தாலும் சரிதான்" என்றான். அஸ்னாத்துக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கடை மூடியவள் என்ற பெயர் ஒரே நாளில் அழிந்துவிடும். கிடியோன் யூதப் புத்தாண்டுக்கு முன் பதில் கேட்டிருந்தார். அவள் ஹென்யாவின் டோப்பா கடைக்குப் போனாள்.

சுற்றிலும் மரத்தலைகளில் டோப்பாக்கள் சீவி நின்றன; வழக்கம்போல வாங்கத்தான் ஆளில்லை. ஊசியை வாயில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள் ஹென்யா.

"நீ எந்தப் பக்கம்?"

"ஒத்துக்கணும்னு தோணுது."

"எனக்கு வேண்டாம்னு தோணுது. அப்போ நீ வேண்டாம்னு பேசு, நான் ஒத்துக்கோன்னு பேசறேன்."

"இது பாடமில்லடி, என் பொழப்பு."

"அதனாலதான் சொல்றேன். பேசு."

அஸ்னாத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "வேண்டாம். ஏன்னா... என் பேர் இருக்காது. ஜன்னல மூடணும். ஜன்னல மூடினா உப்பு தூக்கல்னு சொல்ல ஆள் இருக்காது. மண்டபத்துல சாப்பிடறவன் யாருன்னே எனக்குத் தெரியாது. பிடிக்கலன்னா அவன் மாப்பிள்ளை வீட்டத் திட்டுவான், எனக்கு எப்படிக் கேக்கும்? மறுபடியும் எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்ற இடத்துல போய் உக்காருவேன்." வேறொருத்திக்காகப் பேச வந்தவளின் வாயில் அவளுடைய சொந்தப் பேச்சே வந்துவிட்டது.

ஹென்யா விடவில்லை. "ஒத்துக்கோ. ஏன்னா உனக்குப் பயம். ஒரு தடவ விழுந்துட்ட, இப்போ ஜன்னலுக்குப் பின்னாடி பத்திரமா ஒளிஞ்சிருக்க. ஜன்னல்ல தோத்தா யாருக்கும் தெரியாது. வாடகைக்கு இடம் பிடிக்கவும் பயம், பெரிய அண்டா வாங்கவும் பயம். அந்த ஆளாவது உன்னத் தெருவுக்கு இழுக்கறான்."

அஸ்னாத் அதைத் திருப்பிச் சொல்ல வாய் திறப்பதற்குள் கதவு மணி அடித்தது. ஒரு தாயும், அடுத்த மாதம் கல்யாணம் ஆகப்போகிற மகளும் உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் ஒரு நீளமான டோப்பாவை ஆசையோடு எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள் ஹென்யா, பேசிக்கொண்டிருந்த அதே சூட்டில். "உனக்கு நெத்தியே இல்ல. அதப் போட்டா குரங்குக்குட்டிக்குக் கொண்டை போட்ட மாதிரி இருக்கும்."

பெண்ணின் முகம் விழுந்தது. தாய் டோப்பாவைப் பதமாக எடுத்து மரத்தலையில் வைத்து, "யோசிச்சுட்டு வர்றோம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"யோசிச்சுட்டு வரமாட்டாங்க" என்றாள் அஸ்னாத்.

"உண்மையத்தானே சொன்னேன்?"

"உண்மையத்தான். எங்கிட்ட சொன்னா நான் திருப்பி உதைப்பேன், அதுக்காகத்தான் எதிர்ல உக்காந்திருக்கேன். அந்தப் பொண்ணு சண்டைக்கா வந்தா? கல்யாணத்துக்கு முடி வாங்க வந்தா. வாங்கற எண்ணத்தோட வந்தவள நோகடிச்சு அனுப்பற. நாம படிச்சது என்னடி? கடை ஏன் காத்து வாங்குதுன்னு ஒவ்வொரு வாரமும் புலம்பறியே, இதான் காரணம். உன் வாய்க்குப் பயந்து யாரும் உங்கிட்ட சொல்லல."

ஹென்யா ஊசியைக் கீழே வைத்தாள். காது நுனி சிவந்திருந்தது. "எனக்கு வேலை இருக்கு, நீ கிளம்பு" என்றாள்.

அடுத்த செவ்வாய் அவள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை.

கிடியோனுக்குப் பதில் சொல்கிற நாள் நெருங்கியது. அஸ்னாத் பாத்திரம் கழுவிக்கொண்டே தனக்குத்தானே இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தாள். ஒரு கையால் ஆட்டம் ஆட முடியவில்லை. மேஜையில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்த கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஸகரியா, நான் சொல்றது தப்புன்னு சொல்லு."

"எது தப்பு?"

"எதாவது. என்னிக்காவது ஒரு தடவ எனக்கு எதிரா ஒண்ணு சொல்லு. கேட்டுக்கறேன், அழமாட்டேன்."

அவன் விதையைத் துப்பிவிட்டு வெகுநேரம் யோசித்தான். "நீ அந்தத் தொழிற்சாலை வேலைய ஒத்துக்கிட்டா நான் பஸ்ஸ விட்டுடலாம்னு பெஹியா சொன்னா இல்ல? எனக்கு பஸ் ஓட்டப் பிடிக்கும். விடமாட்டேன்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த." மறுபடி யோசித்தான். இப்போது அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "இன்னொண்ணு. பழைய கடை இருந்தப்போ, மதியம் அங்க சாப்பிட்டுட்டு வண்டி எடுத்தா தூக்கமா வந்துடும். ரொம்ப கனம். அதனால நான் முனைக்கடையில ரொட்டியும் மீனும் வாங்கித் தின்னுட்டு, உங்கிட்ட வந்து சாப்பிட்டேன்னு சொல்லிடுவேன்."

அஸ்னாத் ஈரக்கையோடு அவனையே பார்த்தாள். திடீரென்று அவள் வெடித்துச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. "என் சொந்தப் புருஷனே முனைக்கடையில தின்னிருக்கான்! கடை எப்படி நிக்கும்?" அவனும் பயந்து பயந்து சிரித்தான். அந்தச் சிரிப்பினூடேயே அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

கிடியோன் வந்ததும் அவள் முதலில் அவருடைய பக்கத்தைப் பேசினாள். மண்டபங்களுக்கு வாராவாரம் ஒரே ருசி வேண்டும், பேர் தெரியாத ஒருத்தியை நம்பி நிறுவனம் முதல் போட முடியாது, அதனால்தான் பாக்கெட்டில் பேரும், வேறெங்கும் விற்கக் கூடாது என்ற கட்டும் கேட்கிறார்கள் என்றாள். "சரியாச் சொன்னேனா?"

"எங்க முதலாளியே இவ்வளவு நல்லாச் சொல்லமாட்டார்" என்றார் கிடியோன்.

"அதுக்கு என் பதில் இது. நான் சந்தையில மறுபடியும் கடை போடப் போறேன். என் பேர்ல உங்களுக்கும் செஞ்சு தர்றேன், முடிஞ்ச அளவு. ஜன்னலுக்கு வர்றவங்கள மட்டும் விடமுடியாது. அவங்கதான் எனக்கு நாக்கு."

கிடியோன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, முடியாது என்று தலையசைத்தார். "முதலாளி ஒத்துக்கமாட்டார் அம்மா. வேற ஒருத்தரத்தான் பாப்போம்." வாசலில் நின்று, "ஆனா வியாழக்கிழமை நான் வரிசையில வந்து நிப்பேன். அத யாரும் தடுக்க முடியாது" என்று கைகொடுத்துவிட்டுப் போனார். பெஹியா இரண்டு நாள் அண்ணியோடு பேசவில்லை.

பாவமன்னிப்புப் பெருநாள் நெருங்கிவிட்டது. மனிதருக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதரே மன்னிக்காமல் இறைவனும் மன்னிப்பதில்லை. ஆகவே அந்த நாட்களில் எருசலேமில் பாதிப்பேர் மீதிப்பேரின் வீட்டுப் படியேறிக்கொண்டிருப்பார்கள். அஸ்னாத்தும் ஒரு டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு கெயுலாவுக்குக் கிளம்பினாள். யாஃபா சாலையில் ரயில் நிறுத்தத்தருகே எதிரே ஹென்யா வந்தாள். கையில் ஒரு கேக் பெட்டி.

"எங்க போற?" என்றாள் அஸ்னாத்.

"உங்கிட்டதான். மன்னிப்புக் கேக்க."

"நீ எதுக்குக் கேக்கற? நான்தான் உன் கடையில உக்காந்து உன்ன நோகடிச்சேன். நான்தான் கேக்கணும்."

"இல்ல" என்றாள் ஹென்யா. "வெளிய போன்னு சொன்னது நான்."

"கிளம்புன்னுதான் சொன்ன. அதுக்கும் முன்னாடி ஆரம்பிச்சது நான்."

"முன்னாடி பின்னாடின்னு பாத்தா, வேலைக்கு நடுவுல உன்னப் பேசவச்சது யாரு?"

ரயிலுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர், "ரெண்டு பேரும் கேளுங்கம்மா, ரெண்டு பேரும் மன்னிங்க, எனக்கு வழிய விடுங்க" என்றார். இருவரும் அவருக்கு வழிவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஹென்யா பெட்டியின் நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நீ சொன்னத முதல்ல திருப்பிச் சொல்றேன். கடைக்கு வர்றவ சண்டைக்கு வரல. எங்க வீட்ல எல்லாரும் அடிச்சுப் பேசினோம், ஏன்னா யாரும் உடைஞ்சு போகமாட்டோம்னு தெரியும். உலகமே எங்க வீட்டு மேஜைன்னு நான் நினைச்சுட்டேன். சரியா?"

"சரி."

"பதில் எங்கிட்ட இல்ல. அந்தப் பொண்ணு வீட்டத் தேடிப் போனேன். வேற கடையில வாங்கிட்டாளாம். ஆனா மன்னிச்சேன்னு சொல்லி, உள்ள கூப்பிட்டு டீ குடுத்தா. என் அண்ணன் பொண்ண முன்னாடி உக்கார வச்சிருக்கேன், அவ பேசட்டும். நான் பின்னாடி தைக்கறேன். இந்த வாரம் மூணு பேர் திரும்பி வந்திருக்காங்க." பிறகு குரல் மாறியது. "ஆமா, நீ அந்த ஆள அனுப்பிட்டியாமே?"

"அனுப்பிட்டேன். நீ சொன்னதும் பாதி உண்மைதான், பயம்தான். அதனால சந்தையில இடம் பாக்கறேன். மீன்காரர் சந்துல ஒண்ணு காலியா இருக்கு."

"இல்ல."

"என்னடி இல்ல? நீ இன்னும் பாக்கவே இல்லியே!"

"மீன் நாத்தத்துல யாரு உக்காந்து சாப்பிடுவா? அதுக்குப் பக்கத்துச் சந்துல, மசாலாக்காரர் எதிர்ல ஒரு இடம் இருக்கு, போன வாரமே பாத்து வச்சிருக்கேன். எழுந்திரு, இப்பவே போவோம்."

கூடாரப் பண்டிகை முடிந்து, வருடத்தின் முதல் மழைக்கு எல்லோரும் வானத்தைப் பார்க்கத் தொடங்கியபோது, அஸ்னாத் கடை திறந்தாள். செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வெறும்வாய் என்பதெல்லாம் வேறு ஊர்ப் பேச்சு. படைப்பின் மூன்றாம் நாளில் இறைவன் இருமுறை "நல்லது" என்றானாம், அதனால் எருசலேமில் அதுதான் இரட்டிப்பு நல்ல நாள். ஷிஃப்ரா அன்று வகுப்பையே கடைக்குக் கூட்டிவந்துவிட்டாள். பெஹியா கோபம் மறந்து, கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் "எங்க அண்ணி கடை" என்று வரவேற்றாள். ஹென்யா ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்து, நாற்காலி ஆடுகிறது, விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். பரிமாற வந்த பெண்ணிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நீ நல்லாத்தான் செய்யறம்மா" என்றாள்.

மதியம் கிடியோன் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. நிறுவன விஷயமாக இல்லை என்று முதலிலேயே சொன்னார். அவருடைய மகளுக்கு டிசம்பரில் ஹனுக்கா விளக்குப் பண்டிகை சமயத்தில் நிச்சயதார்த்தம்; விருந்துக்குக் குப்பே வேண்டும், பாத்திரத்தில் அஸ்னாத் பேரே இருக்கட்டும் என்றார். அஸ்னாத் சரியென்று சொல்லி எத்தனை பேர் என்று கேட்டாள். அவர் சொன்ன கணக்கைக் கேட்டு ஸகரியாவைப் பார்த்தாள். அன்று விடுப்பு போட்டுவிட்டு வந்து கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த ஸகரியா, "உன்னால முடியும்" என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டான்.

"முடியாது" என்றான். "ரெண்டு ஆள் சேர்த்தாத்தான் முடியும்."

"யாரு?"

"பழைய அலுவலகத்துல உன்கூட போன் எடுத்த ரெண்டு பேரும் குப்பே உருட்டத் தெரிஞ்சவங்கதானே? அவங்களும் இப்ப வேலைக்குத்தான் அலையறாங்க."

அஸ்னாத் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். மழைக்கு ஒதுங்க வந்தவர்கள் சாற்றின் வாசம் பிடித்து, இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். பெஹியா சுவரோரமாக இன்னும் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.